அஷ்டமியில் வந்த குஞ்சுகள்

வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பொரிந்து ஒரு நாள்கூட ஆகாத கோழிக்குஞ்சுகளுக்கு நாள் பார்த்து இரை வைத்த முட்டாள் நான்தான். அஷ்டமியன்று வந்து இறங்கிய குஞ்சுகளை, அஷ்டமி கழியட்டும், நவமி கழியட்டும் என்று பட்டினி போட்டேன். தசமியன்று காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கொட்டகை வாசலில் சூடம் ஏற்றிக் காட்டிவிட்டு, அதன் பிறகுதான் தீவனம் இறைத்தேன். குஞ்சுகள் சூடத்தைக் கொத்த ஓடி வந்தன. அவ்வளவு பசி. நானோ பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் இது யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது. அதற்கு முன்பு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கவர், சார்ஜர் விற்கும் கடை வைத்திருந்தேன். நல்ல முகூர்த்தத்தில் திறந்தேன். வியாபாரம் படுத்துவிட்டபோது, மூடுவதற்கும் முகூர்த்தம் பார்த்தேன். திறந்த அன்றைக்கு வந்ததைவிட மூடிய அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டிக்கொள்ள மாட்டேன். வெட்டுவதற்குத் தலையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லாத இந்தக் காலத்திலும் அதில் கண்டிப்பாக இருக்கிறேன்.

கடை போன பிறகு மாமனார்தான் கைகொடுத்தார். மண்ணச்சநல்லூரைத் தாண்டி வாய்க்கால் ஓரமாக அவருக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அதன் மூலையில் பழைய கொட்டகை ஒன்று கிடந்தது. "சும்மாதானே கெடக்கு மாப்ள, கோழி விட்டுப் பாருங்க" என்றார். திருவானைக்காவலில் வீடு. காலையில் வண்டியை எடுத்தால் கொள்ளிடம் பாலம், டோல்கேட், அப்புறம் ரைஸ்மில்லுகளின் புகைபோக்கிகள், அதற்கப்புறம் தோப்பு. கோழிக் கொட்டகைத் தரையில் பரப்புவதற்கு உமி வேண்டும். உமிக்கு அந்த ஊரைவிட்டால் வேறு ஊர் இல்லை. குருணை அரிசி, அதாவது நொய், அதுவும் அங்கே மலிவு. எல்லாம் கூடி வந்தது, என் மூளையைத் தவிர.

இனி சகலை. என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். லால்குடியில் வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை போட்டு எனக்குப் பல வருடம் முன்பிருந்தே கோழி வளர்ப்பவர். அவர் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். முதுகுப் பக்கம் நின்று பார்த்தால் அழுகிறாரோ என்று தோன்றும். இந்தத் தோளைத்தான் நான் மாதக்கணக்கில் கனவில் கண்டேன்.

முதல் தடவை இரண்டு பேரும் சேர்ந்தே குஞ்சு சொல்லியிருந்தோம். நாமக்கல் பக்கமிருந்து வண்டி வந்தது. டோல்கேட்டில் வைத்து ஆளுக்குப் பாதியாகப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டோம். துளை போட்ட அட்டைப்பெட்டிகள். துளைக்குத் துளை ஒரு அலகு. சகலை ஒரு பெட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"சகலை, இன்னைக்கு என்ன திதி?"

"அஷ்டமி" என்றேன். அதெல்லாம் எனக்குக் காலண்டர் பார்க்காமலே வரும்.

"அப்ப நாளைக்கு?"

"நவமி."

"நான் சொல்லணும்னு இல்ல, உங்களுக்கே தெரியும். குஞ்சு வயித்துல மஞ்சக்கருவோடதான் பொரியுது. ரெண்டு நாளைக்கு அதுவே தாங்கும். வெறும் வெல்லத் தண்ணி வைங்க. தசமியில இரை வச்சீங்கன்னா ஒரு குஞ்சு போகாது."

"நீங்களும் அப்படித்தானா சகலை?"

"பின்ன?" என்றார்.

அந்த ஒற்றைச் சொல்லைத்தான் இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. மஞ்சக்கரு விஷயம் உண்மை. குஞ்சு முட்டையை விட்டு வெளியே வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மிச்சமிருக்கும் மஞ்சக்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வரும். தாய் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலம் மாதிரி. அந்த உண்மைக்குள் வைத்துத்தான் பொய்யை எனக்கு ஊட்டினார், மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பதுபோல. நானும் பழத்தைப் பாராட்டிக்கொண்டே விழுங்கினேன்.

அந்த இரண்டு நாளும் குஞ்சுகள் ஓயாமல் கத்தின. பாடுகின்றன என்று நினைத்தேன். செல்போனில் பதிவு செய்து, 'நம்ம தோப்புக் கச்சேரி' என்று எழுதி, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். சகலை கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். பசி தாங்காமல் சில குஞ்சுகள் உமியைக் கொத்தித் தின்றன. 'சுறுசுறு' என்று அதையும் ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். அதற்கும் கட்டைவிரல்.

சாகவில்லை. அதை மறைக்க மாட்டேன், ஒன்றிரண்டைத் தவிர எதுவும் சாகவில்லை. ஆனால் வளரவும் இல்லை. தீவனத்தை மூட்டை மூட்டையாகத் தின்றன. தின்றது எங்கே போயிற்று என்று தேடினால் உமியில் கிடந்தது, பாதி தீவனமாகவே. கொட்டகைத் தரை சொதசொத என்று ஆகிவிட்டது. பக்கத்துத் தோப்புக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "என்னங்க, புறா வளக்குறீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அப்போதுதான் சகலையின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. லால்குடியில் பந்தல் போட்டு விருந்து. கோழி எங்கள் இரண்டு கொட்டகையிலிருந்தும் போயிற்று. பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இலையில் விழுந்த காலைத் தூக்கிப் பிடித்து, "இது யாரு வீட்டுக் கோழிப்பா, காலு குச்சி மாதிரி இருக்கு?" என்று கேட்டார். குழம்பு வாளியோடு வந்துகொண்டிருந்த சகலை நின்றார்.

"அது கோழி இல்லீங்க. எங்க சகலை தோப்புக் காடை. பல்லு இடுக்குல மாட்டிச்சுன்னா தேடாதீங்க, அப்படியே விட்டுடுங்க."

பந்தி முழுக்கச் சிரித்தது. சகலையின் தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. என்னைக் கேலி செய்தால் முதலில் சிரிப்பது எனக்குப் பழக்கம். அது அடி வாங்குபவன் தானே தலையில் கை வைத்துக்கொள்வது மாதிரி. ஆனால் அன்று சிரித்து முடித்த பிறகு வாய் மூட மறுத்தது. மனைவி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கை கழுவும் இடத்தில் மாமனார் இரண்டு மருமகன்களையும் நிற்க வைத்துச் சொன்னார். "பெரிய கொட்டகை ஒண்ணு போட ஆரம்பிச்சிருக்கேன் மாப்ள. தையில முடிஞ்சிரும். எனக்கு முட்டி முடியல. அதுக்குள்ள யாரு கோழி நல்லா வருதோ, அவரே கொட்டகைய எடுத்துக்கிட்டு தோப்பையும் சேத்துப் பாத்துக்கட்டும். ரெண்டு பேருக்கும் ரெண்டு சாவி, அந்தக் கதையே வேண்டாம்."

சகலை ஜெயித்துத் தோப்புக்கு வந்தால் நான் வெளியே. பழைய கொட்டகையும் போச்சு. மறுபடி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சார்ஜர் விற்க வேண்டும், அதுவும் இன்னொருவர் கடையில். சகலைக்கு இதில் போவதற்கு ஒன்றுமில்லை. அவருக்கு லால்குடிக் கொட்டகை இருக்கிறது. எனக்கு இருப்பது இந்த மூலை ஒன்றுதான்.

அன்றிலிருந்து நான் 'காடை மாமா'. சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் என்னை அப்படித்தான் கூப்பிட்டன. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் மனைவியோடு படித்துறையில் நிற்கிறேன். தலைக்கு மேல் தலை. காதோலை, கருகமணி, காப்பரிசி என்று பெண்கள் பரபரப்பாக இருக்கிறார்கள். நான் கண்ணை மூடிக் காவிரியைக் கும்பிடுகிறேன். மறுபக்கப் படியிலிருந்து ஒரு குரல், "காடை மாமா! இங்க பாருங்க, காடை மாமா!" சுற்றி இருந்த ஸ்ரீரங்கத்துக் கூட்டம் மொத்தமும் திரும்பி, காடை எப்படி இருக்கும் என்று பார்த்தது. ஆற்றில் குதித்திருப்பேன், தண்ணீர் முட்டி அளவுதான் இருந்தது.

மறுநாள் ஒரு நோஞ்சான் கோழியைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பார்க்கப் போனேன். டாக்டரம்மா ஒரு பசுவுக்கு ஊசி போட்டுவிட்டு வந்து, பையைத் திறந்து பார்த்தார். கோழி வழியிலேயே கண்ணை மூடியிருந்தது. அறுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பொரிஞ்சு வந்ததும் முதல் இரை எப்ப வச்சீங்க?"

"தசமியிலங்க."

"திதி கேக்கலைங்க. வந்து எவ்வளவு நேரம் கழிச்சு?"

சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பசுகூடக் கொஞ்சம் ஒதுங்கி நின்றது.

குடலில் ஒரு துண்டை நீளவாக்கில் வெட்டித் தண்ணீரில் விட்டு, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அதான் சொல்றேன், ஒண்ணும் தெரியல பாருங்க" என்றார். "உங்க தோள்ல டர்க்கி டவல் போட்டிருக்கீங்களே, அதுல நூல் நூலா நிக்குதுல்ல? நல்ல கோழிக் குடல் உள்பக்கம் அப்படித்தான் இருக்கும். குடல் உறிஞ்சின்னு பேரு. அந்த நூல்தான் சத்தை இழுக்குது. உங்க கோழிக்கு அது வேட்டி மாதிரி வழவழன்னு இருக்கு. வேட்டிய வச்சுத் தலை துவட்டினா எப்படி இருக்கும்?"

"ஏன் அப்படி ஆச்சு டாக்டர்?"

"பொரிஞ்ச முதல் வாரத்துல குஞ்சு உடம்பைவிடக் குடல்தான் வேகமா வளரும். வீடு கட்டுறதுக்கு முன்னாடி சமையக்கட்டைக் கட்டுற மாதிரி. ஆனா இரை உள்ள போனாதான் அதுக்கு வேலை வந்திருக்குன்னு தெரியும். நீங்க இரையே அனுப்பல. அது பாட்டுக்கு உக்காந்திருச்சு."

"மஞ்சக்கரு இருந்துச்சேங்க?"

"அது உசுரைப் பிடிச்சு வைக்கும். வளக்காது. அந்த மஞ்சக்கருவே சாப்பிட்ட குஞ்சு வயித்துலதான் சீக்கிரம் கரையும். பட்டினி போட்டா அதுவும் மெதுவாத்தான்."

"இனிமே நெறைய போட்டா சரியாயிடுமா?"

"கொஞ்சம் தேறும். ஆனா பிந்தினது பிந்தினதுதான். நீங்க இப்ப தீனி போடுறது உமிக்குத்தான்."

வெளியே வரும்போது இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். நொய்யை இறைத்து ஒப்பேற்றாதீர்கள், வயிறு ரொம்பும், குடல் கட்டாது. முதல் வாரம் குஞ்சுத் தீவனம் மட்டும்தான், அதில்தான் குடல் கட்டுவதற்கான புரதம் இருக்கிறது என்றார். நொய் வெறும் மாவுச்சத்து. கேட்டுக்கொண்டேன். அதை அப்போதே ஒரு ஆயுதம் என்று உணரும் அளவுக்கு எனக்கு மூளை இல்லை.

வழியெல்லாம் ஒரே கேள்விதான். சகலையும் தசமியில்தானே இரை வைத்தார்? அவர் கோழி மட்டும் எப்படிக் கொழுத்தது?

பதில் அன்று சாயங்காலமே வந்தது. மனைவி அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே அக்காவோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா சொல்கிறாள், ஒரு கள்ளமும் இல்லாமல்: "உங்க அத்தான் அஷ்டமியாவது நவமியாவது! டோல்கேட்லேர்ந்து வந்தவரு, சட்டையக்கூடக் கழட்டல, பெட்டியத் திறந்த கையோட பேப்பர விரிச்சு இரைய இறைச்சுட்டாருடி. குஞ்சு காத்திருக்குமான்னு சத்தம் வேற போட்டாரு."

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாட்ஸப்பைத் திறந்து அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பசித்துக் கத்திய குஞ்சுகளின் குரலைக் கேட்டு அவர் விரலை உயர்த்தியிருக்கிறார். ஒன்றுக்கு இரண்டு தடவை.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே சகலையை ஏசுவேன். பாலத்தின் இந்தக் கோடியில் ஆரம்பித்தால் அந்தக் கோடி வரை ஒரு சொல் திரும்ப வராது. ஹெல்மெட்டுக்குள் பேசுவதால் யாருக்கும் கேட்காது, ஆனால் கண்ணாடியில் எச்சில் தெறித்து வழி தெரியாது. தை மாதம் மாமனார் சாவியை என் கையில் கொடுக்கும்போது சகலையிடம் என்ன சொல்வது என்று ஒரு வசனம் தயாரித்தேன். தினம் ஒரு சொல் மாற்றினேன். என் கோழிகளுக்கு வளராத குடல் எனக்கு வளர்ந்துவிட்டது. எதைச் சாப்பிட்டாலும் ஆத்திரமாகவே உடம்பில் சேர்ந்தது.

அடுத்த தடவை குஞ்சு வந்தபோது நான் வேறு ஆள். பெட்டி வருவதற்கு முன்பே பல்பு எரிந்தது, உமி சூடாக இருந்தது, அதன் மேல் பேப்பர் விரித்துத் தீவனம் தயாராக இருந்தது. என்ன திதி என்று பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். பார்த்தேன், ஆனால் சொல்லவில்லை. சாயங்காலம் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைத் தடவினேன். விரலுக்கு மெத்தென்று, உருண்டையாக இருந்தது. அந்த உருண்டையைத் தொட்டபோது முதல் தடவை பட்டினி போட்டதெல்லாம் நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது. உடனே சகலையும் நினைவுக்கு வந்தார். தொண்டை சரியாகிவிட்டது.

போனை எடுத்தேன். "சகலை, ஒரு விஷயம். டாக்டரம்மா சொன்னாங்க, முதல் நாள் இருட்டினதும் பல்ப அணைச்சுடணுமாம். குஞ்சு தூங்கினாத்தான் செரிக்குமாம்."

"அப்படிங்களா சகலை!" என்றார். குரலில் அத்தனை நன்றி. போனுக்குள்ளேயே தோள் குலுங்குவது எனக்குத் தெரியவில்லை, அதுதான் தப்பு. அவர் அன்று ஒரு பல்புக்கு இரண்டு பல்பாகப் போட்டிருக்கிறார். குஞ்சுகள் வெதுவெதுப்பில் விடிய விடியத் தின்றிருக்கின்றன. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு கோழி வளர்த்ததில்லை. மாமனார் அதில் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்து, "அடேங்கப்பா, கைக்கொழந்தை மாதிரி கனக்குது" என்றார். என் கோழிகளும் நன்றாகத்தான் வந்திருந்தன. ஆனால் கைக்குழந்தை அளவுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி தட்டை என் பக்கம் தள்ளினாள். கடமைக்குப் பிசைந்தேன்.

"நீங்க இடதுன்னா அத்தான் வலது பக்கம்தான் போவாரு. இது தெரியாதா? பொய் சொன்னா உங்க மூக்கு விடைக்குதுங்க. போன்லயே தெரியும்."

"அப்ப நான் வாயையே தொறக்கக் கூடாதா?"

"தொறங்க. உண்மையச் சொன்னாக்கூட அவர் நம்பப் போறதில்ல."

எழுந்து கை கழுவாமலே அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். சாம்பார் ஆகிவிட்டது என்று திட்டினாள். அவளுக்குத் தெரியாது, பெரிய கொட்டகையின் சாவியை அப்போதே அவள் என் கையில் கொடுத்துவிட்டாள்.

கார்த்திகையில் கடைசி ஈடு குஞ்சு வந்தது. மாமனார் தையில் எடை போட்டுப் பார்க்கப்போவது இதைத்தான். மறுபடி டோல்கேட், மறுபடி பெட்டிகள். சகலை என்னைப் பார்த்ததும், "என்ன சகலை, பல்ப அணைச்சீங்களா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"சகலை, ஒரே ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. நொய் போடாதீங்க."

"ஏன்?"

"முதல் வாரம் குடல் கட்டுற வாரம். நொய்யில அதுக்கு ஒண்ணுமே இல்ல. வயிறு ரொம்பும், குடல் வளராது. உள்ள நூல் நூலா நிக்கணும் சகலை, டர்க்கி டவல் மாதிரி. அது நின்னாத்தான் அப்புறம் போடுறது ஒட்டும். குஞ்சுத் தீவனம் மட்டும் போடுங்க. உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்றேன்."

"நான் எப்பவும் முதல் நாள் நொய்தானே போடுறேன்? நல்லாத்தானே வருது?"

"ஒரு நாளோட நிறுத்துறீங்க, தப்பிக்குது. இந்தத் தடவை அந்த ஒரு நாளும் வேண்டாம். கும்பிட்டுக் கேக்குறேன், உங்க கோழி நல்லா வரணும் சகலை."

கடைசி வாக்கியத்தில்தான் அவர் முகம் மாறியது. என் வாழ்நாளில் அத்தனை உண்மையை ஒரே மூச்சில் பேசியதில்லை. மூக்கு விடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் என் மூக்கை வெகு நேரம் பார்த்தார். பிறகு வண்டிக்காரரிடம், "அண்ணே, போற வழியில மண்ணச்சநல்லூர் மில்லுல நிறுத்துங்க. ஒரு மூட்டை நொய் எடுக்கணும்" என்றார்.

லால்குடி போகும் வழியில் மண்ணச்சநல்லூர் இல்லை. அதற்காகவே சுற்றிக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுவதும் நான் பாலத்தில் ஏசவில்லை, பாடிக்கொண்டு போனேன். வாரக் கடைசியில் ஆசை தாங்காமல், காதுகுத்தில் விட்டுப்போன குழம்பு வாளியை எடுத்துவர என்று சாக்குச் சொல்லி லால்குடிக்கே போய்விட்டேன். கொட்டகைக்குள் பேப்பர் விரித்திருந்தது. பேப்பர் தெரியாத அளவுக்கு வெள்ளை வெளேரென்று நொய். குஞ்சுகள் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கின. ஒன்றை எடுத்தேன். இரைப்பை முட்டிக்கொண்டிருந்தது. உடம்பு மட்டும் வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே, கைக்குள் பஞ்சு வைத்ததுபோல இருந்தது. இறக்கையைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு கீச்சு.

எனக்கு அதன் மேல் ஒரு விரோதமும் இல்லை. அஷ்டமியன்று என் கொட்டகையில் கத்தியதும் இப்படித்தான் இருந்தது.

"சகலை" என்றேன். இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை, கும்பிடவில்லை. "நெசமாத்தான் சொல்றேன். இன்னைக்கே தீவனத்துக்கு மாத்துங்க. இப்ப மாத்தினாக்கூடக் கொஞ்சம் தேறும். பாவம், குஞ்சு என்ன பண்ணிச்சு?"

சகலை என் மூக்கைப் பார்த்தார். பிறகு சாக்குக்குள் கையை விட்டு, இன்னும் ஒரு கை நொய்யை அள்ளி, குஞ்சுகளின் மேலேயே இறைத்தார். தோள் குலுங்கியது.

நான் வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? இரண்டு தடவை உண்மையைச் சொன்னேன். முதல் தடவை பழி வாங்கச் சொன்னது, இரண்டாவது மனசாரச் சொன்னது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "வாளி கிடைச்சுதா?" என்றாள். கிடைத்தது என்றேன். சாப்பாடு நன்றாக இறங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தையில் பெரிய கொட்டகை முடிந்துவிட்டது. பொங்கல் கழிந்து ஒரு காலையில் மாமனார் இரண்டு பக்கத்திலிருந்தும் கோழிகளைக் கொண்டுவரச் சொன்னார். தென்னை மரத்தில் தராசைத் தொங்கவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். என் கோழி தொங்கியபோது தராசு முள் நன்றாகச் சாய்ந்தது. சகலை கோழி தொங்கியபோது மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வேறு ஒன்றை மாட்டச் சொன்னார். அதுவும் அப்படித்தான். "என்ன மாப்ள, போன தடவை கைக்கொழந்தையா இருந்துச்சு?" என்றார்.

பந்தியில் காலைத் தூக்கிப் பிடித்த பெரியவரும் வந்திருந்தார். அவர் சகலை கோழியின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். 'காடை' என்று அவர் வாயிலிருந்து வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. வெற்றிலையைத்தான் துப்பினார்.

மாமனார் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "பாத்துக்கங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான். தென்னை மட்டை ஒன்று விழுந்தது. எல்லோரும் காப்பிக்கு நகர்ந்தார்கள். சகலை மட்டும் நின்று, கூண்டுக்குள் கையை விட்டு, ஒரு கோழியின் நெஞ்சு எலும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்துக்காகத்தானே நான் அரை வருடம் பாலத்தின் மேல் ஒத்திகை பார்த்தேன். காடை, கட்டைவிரல், 'பின்ன' எல்லாம் அதில் இருந்தன. அவர் பக்கத்தில் போய் நின்றேன். சாவியை அவர் கண்ணில் படும்படி விரலில் சுற்றினேன். வசனம் தொண்டை வரைக்கும் வந்தது. அப்புறம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"நான்தான் உள்ளதை உள்ளபடி சொன்னேனே சகலை. ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா. ஏன் கேக்கல?"

அவர் கோழியைக் கூண்டில் விட்டார். கையை வேட்டியில் துடைத்தார். தோள் அசையவே இல்லை.

"நீங்க சொன்னீங்களே, அதான்."